லயத்து வாசலில் வெங்காயப் பக்கோடா

எண்ணெய்ச் சட்டியின் சூடு ஒரு மாதத்தில் பழகிவிடும். பக்கோடா வாங்க வருகிற ஆட்களைப் பழக ஒரு ஆயுள் போதாது. வீட்டு வாசலில் சட்டி வைத்துப் பிழைத்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கஹவத்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், காலையில் பால் வெட்டி ஸ்டோரில் ஊற்றிவிட்டு, பின்னேரம் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் என் காம்பராவில் வெங்காயப் பக்கோடா போட்டு விற்றேன். வீட்டுக்காரர் காய்ச்சலில் போன பிறகு அந்த ஒற்றை அறையில் நான் தனி ஆள். அதைப் பிடுங்கிப் புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கப் பெரிய கங்காணி சமயம் பார்த்துக்கொண்டிருந்தார். அறை போனால் எனக்குப் போக்கிடம் இல்லை. அதனால் எல்லாவற்றையும் வாயை மூடிக்கொண்டு பொறுத்தேன்.

உப்பு பார்க்கிறவர்

மழை பெய்தால் மரத்தில் கத்தி வைக்க முடியாது. வேலை இல்லை, நாள் சம்பளத்துக்குப் பேரும் விழாது. எங்கள் பக்கத்து மழை லேசில் விடாது. அன்றைக்கெல்லாம் ஆம்பிளைகள் என் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். பக்கத்துக் காம்பரா முத்துசாமி அண்ணனுக்குத் தட்டில் கை வைக்காமல் நிற்க வராது. முந்தின நாள் வெட்டிய பால் விரல் இடுக்கில் காய்ந்து நூல் நூலாகத் தொங்கும். கழுவிவிட்டு வாருங்கள் என்றால் கோபம் வேறு வரும். உப்பு பார்க்க ஒரு பிடி, மொறுமொறுப்பு பார்க்க ஒரு பிடி. ஒருநாள் தட்டையே காலி செய்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உப்பு கொஞ்சம் கொறைச்சல் தங்கச்சி. இன்னொரு ஈடு போடு, பாத்துச் சொல்றேன்."

கணக்கப்பிள்ளை வீட்டு அம்மா

லயத்தில் வாங்கித் தின்பது கணக்கப்பிள்ளை சம்சாரத்துக்குக் கௌரவக் குறைச்சல். தின்னவும் ஆசை. பக்குவம் கேட்டு ஆள் அனுப்பினார், போனேன். பெரிய பம்பாய் வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து உப்புப் போட்டுப் பிசறி வையுங்கள், அது விடுகிற தண்ணீரே போதும், கடலை மாவோடு ஒரு பிடி அரிசி மாவு தூவுங்கள், தீயைத் தணித்துப் பொரித்து எண்ணெயை வடிய விடுங்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

எண்ணெய் வடிய அந்த அம்மா கண்டுபிடித்த இடம், மேசையில் விரித்திருந்த ரப்பர் ஷீட். ஸ்டோரிலிருந்து கணக்கப்பிள்ளை ஐயா கொண்டுவந்து விரித்தது. கொதிக்கக் கொதிக்கப் பக்கோடாவை அதில் கொட்டினால் என்ன ஆகும்? ஷீட் இளகி, எல்லாம் ஒட்டிக்கொண்டு, வீடு முழுக்க நாற்றம். மறுநாள் என்னைக் கூப்பிட்டுவிட்டுக் கொல்லையில் நிறுத்தி வைத்துக் கேட்டார்: "தொழில் போயிரும்னு பாதிய ஒளிச்சிட்டுத்தானே சொன்ன? ரப்பர்ல கொட்டாதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னியா நீ?"

பரிசம் போட்ட அன்று

பெரிய கங்காணி மகளுக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தாம்பாளம் நிறையப் பக்கோடா வேண்டும் என்று எனக்கு உத்தரவு. தாலி அறுத்தவள் நல்ல காரியத்தில் முன்னால் வரக் கூடாது என்பது எனக்கும் தெரியும். பொரித்து எடுத்துப் போய்க் கொல்லைப்புறத்தில் வைத்தேன். கங்காணி சம்சாரம் வந்தார். "யாரு போட்டதுன்னு கேட்டா நாந்தான்னு சொல்லிக்கிறேன். ஒங் கைப் பக்கோடா வேணும், ஒம் மூஞ்சி வேணாம். கெளம்பு."

அத்தனை நாள் அடக்கி வைத்தது அப்போது அடங்கவில்லை. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நேரே முன்வாசலுக்குப் போய், போட்டது நான்தான் என்று சொல்லிச் சபை நடுவில் வைத்தேன். யாரும் எழுந்து போகவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒன்றை எடுத்து மென்றுகொண்டே கேட்டார்: "இன்னுங் கொஞ்சம் இருக்குதாம்மா?"

காம்பரா

கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள், ஒரு குறையும் வரவில்லை. ஆனாலும் மறுநாள் விடிந்ததும் பெரிய கங்காணி என் வாசலில் நின்றார். எதற்குப் பயந்து பயந்து வாயை மூடியிருந்தேனோ அது நடந்தது. என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பொழுது சாயறதுக்குள்ள காம்பராவக் காலி பண்ணிரு. சம்பந்தி வீட்டாளுங்க மத்தியானந்தான் போறாங்க, அவுங்களுக்கு ஒரு சட்டி போட்டுக் குடுத்துட்டுப் போ."

அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்பியவள் இப்போது கஹவத்தையில் முஸ்லிம் நானா ஒருவரின் கடைத் தாழ்வாரத்தில் பொரிக்கிறேன். கங்காணி வீட்டுக்கு வாங்க வருகிற ஆளுக்கு மட்டும், என் மூஞ்சியை நன்றாகக் காட்டிய பிறகுதான் பொட்டலம் கட்டுவேன்.