சகலையின் நாலாவது வீடு

பீரோக்காரர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் பார்ப்பது படிக்கட்டைத்தான். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்குவது அவர் தொழில். இருபத்திரண்டு வருடமாக ஊரில் பாதிப் பேருடைய கட்டிலும் மெத்தையும் அவர் தோளில் ஏறித்தான் வாசல் மாறியிருக்கின்றன. படியின் திருப்பத்தில் நின்று ஒரு தடவை மேலே பார்ப்பார், ஒரு தடவை கீழே பார்ப்பார். "திரும்பும்" என்பார், அல்லது "திரும்பாது" என்பார். பீரோவைத்தான் சொல்கிறார். அவர் திரும்பாது என்று சொன்ன பீரோ எந்தக் கொம்பன் வந்து தூக்கினாலும் திரும்பியதில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த பட்டம்தான் பீரோக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் இருக்கிறது.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவன். நகல் எடுக்கும் கடையில் வேலை. நாள் முழுக்க மெஷின் மூடியைத் திறப்பான், காகிதத்தை வைப்பான், மூடுவான். ஒரு நாற்காலியைத் தூக்கச் சொன்னால் மூச்சு வாங்கும். அந்தச் சகலைக்கு மூன்று வீடு. பீரோக்காரர் குடியிருப்பதோ வாடகை வீடு, அதிலும் திருப்பத்தில் பீரோ திரும்பாத வீடு. அவருடைய சொந்த பீரோ பதினொரு வருடமாகக் கீழே கூடத்தில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

சகலை வீடு வாங்க ஆரம்பித்த விதத்தை நினைத்தால்தான் அவருக்கு வயிறு எரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு குடும்பமும் பீரோக்காரர் வீட்டில் ஒன்றாகச் சாப்பிடுவது வழக்கம். சாப்பிடும்போது இந்த வாரம் எங்கே வேலை என்று சகலை கேட்பான். பீரோக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? மாடி ஒழுகுகிற வீட்டில் தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு கட்டில் இறக்கிய கதையைச் சொல்வார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஆளுக்கொரு சாவி வைத்துக்கொண்டு முறைத்துக்கொள்கிற வீட்டைச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். சகலை சிரித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு போய்விடுவான்.

போனவன் எங்கே போனான் என்பது மூன்றாவது வீட்டில்தான் தெரிந்தது. அந்த வீட்டை வாங்கிப் பதிவு முடிந்த பிறகுதான் சகலை வாயைத் திறந்தான். அதுதான் அவன் சுபாவம், பதிவு முடியும்வரை மூச்சு விடமாட்டான். குடிவருகிறவர்களின் சாமான்களை இறக்கப் பீரோக்காரரையே கூப்பிட்டிருந்தான். படித் திருப்பத்தில் சுவரில் ஒரு நீளக் கீறல். அவர் கையால் விழுந்த கீறல்தான், எட்டு மாதம் முன்பு ஒரு அலமாரியை இறக்கும்போது உரசியது. அங்கேயே நின்று நினைத்துப் பார்த்தார். முதல் வீடு, மாடி ஒழுகின வீடு. இரண்டாவது, இரண்டு சாவி வீடு. மூன்றையும் காலி செய்தது அவருடைய லாரி. மூன்றையும் சகலையின் காதில் போட்டது அவருடைய வாய்.

"நம்ம வாயாலதான் அவன் வீட்டுக்காரன் ஆகியிருக்கான்" என்று அன்று மனைவியிடம் பொருமினார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்கதான் அவருக்கு முன்னாடி போறீங்க. வீட்டைக் கண்ணால பாக்குறீங்க. ஏன் கேக்கல?"

ஒழுகுகிற மாடியைப் பார்த்து அவர் பையைத் தலையில் கட்டினார். அவனோ விலை குறைக்கலாம் என்று பார்த்திருக்கிறான். ஓட்டையை அடைத்தான், மேலே தான் இருந்துகொண்டு கீழ் வீட்டை வாடகைக்கு விட்டான், அந்த வாடகையைக் காட்டி வங்கியில் அடுத்த வீட்டுக்குக் கடன் வாங்கினான். கேட்டால் சின்ன விஷயம். அந்தச் சின்ன விஷயம் தனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது. சகலை புதுச் சட்டை போட்டு வந்தால் பொறாமை, பழைய சட்டை போட்டு வந்தால் வேஷம் போடுகிறான் என்று அதற்கும் பொறாமை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பீரோக்காரர் வாயைப் பூட்டிக்கொண்டார். சகலை எங்கே வேலை என்று கேட்டால், வேலையே இல்லை தம்பி, லாரி சும்மா நிற்கிறது என்றார். கொழுந்தியாள் அவர் முகத்தைப் பார்த்தாள், மனைவி கரண்டியைப் பார்த்தாள். அவர் மட்டும் உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது லாரி வாங்க என்று பத்து வருடமாகச் சேர்த்த பணம் இருந்தது. அடுத்து காலியாகிற நல்ல வீட்டை, சகலை மோப்பம் பிடிப்பதற்குள், தானே வாங்கிவிடுவது. அந்தப் பணம் போனால் இன்னொரு பணம் கிடையாது. அது அவருக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து நர்ஸம்மா கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளோடு போய் இருக்கப்போகிறார், சாமான்களைப் பார்த்து லாரி வாடகை சொல்ல வேண்டும் என்றார். பீரோக்காரர் உள்ளே போய்ப் படித் திருப்பத்தில் நின்றார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். கட்டிலைப் பிரிக்காமலே ஏற்றலாம், அவ்வளவு அகலம். பீரோ திரும்பும், பீரோவோடு அவரும் கைவீசித் திரும்பலாம்.

வீட்டை விற்கிறீர்களா என்று, ஏதோ சும்மா கேட்பதுபோலக் கேட்டார். விற்கிறேன், பேசியும் ஆயிற்று என்றார் நர்ஸம்மா. பத்திரத்தை நகல் எடுக்கப் போன இடத்தில் கடைக்காரத் தம்பி விசாரித்தாராம். நேரில் வந்து ஒரு மணி நேரம் பார்த்தாராம், கறாராகப் பேசினாராம், நல்ல மனுஷனாம். சனிக்கிழமை காகிதத்தோடும் முன்பணத்தோடும் வருகிறாராம்.

வாயைப் பூட்டியும் பயனில்லை. வீட்டை விற்கிற எல்லோரும் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவன் மெஷின் வாசலுக்கே போகிறார்களே! ஒழுகுகிற வீடு அவனுக்கு, சண்டை போட்ட வீடு அவனுக்கு, இந்தப் படிக்கட்டுமா அவனுக்கு?

"அவர் சொன்ன விலைக்கு மேல நூத்துக்குப் பத்து சேத்துத் தர்றேன்" என்றார். "முன்பணம் இன்னைக்கே."

நர்ஸம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா பீரோக்காரரே? வீட்டை நீங்க இன்னும் பாக்கவே இல்ல. படியில ஏறினீங்க, இறங்கினீங்க."

அவன் ஒரு மணி நேரம் பார்த்த வீட்டை நான் வேறு பார்க்கணுமா என்று நினைத்தார் பீரோக்காரர். குழாயைத் திறக்கவில்லை, மொட்டைமாடிக்குப் போகவில்லை, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஒரு வார்த்தை மட்டும் கேட்டுக்கொண்டார்: யார் வாங்கினார்கள் என்று கடைக்காரனிடம் சொல்லக் கூடாது. நர்ஸம்மா தலையாட்டினார். பணம் கைமாறியது. திரும்பும் வழியில் லாரியை ஓட்டிக்கொண்டே பாட்டுப் பாடினார். அவர் பாடி மனைவியே கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. பீரோக்காரருக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பசி எடுத்தது. இரண்டாம் தடவை சாப்பாடு போட்டுக்கொண்டார். என்ன தம்பி, உடம்பு சரியில்லையா என்று வேறு கேட்டார்.

சகலை தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தான். ஒப்பந்தக் காகிதம், அவன் கடையில் அச்சடித்தது. அதை மேஜைமேல் வைத்தான்.

"மன்னிச்சிருங்க அண்ணே. உங்களுக்கு ஒரு வீடு பேசி வச்சிருந்தேன். கை நழுவிப் போச்சு."

பீரோக்காரரின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

விஷயத்தை அவன் மெதுவாகச் சொன்னான். அண்ணனுக்கும் ஒரு வீடு வாங்க ஆசை இருக்கிறது, வாய்விட்டுக் கேட்கத்தான் கூச்சப்படுகிறார் என்று அக்கா தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். அது அவன் காதுக்கு வந்திருக்கிறது. மூன்று வீடும் அண்ணன் வாயிலிருந்து வந்ததுதான், ஒன்றாவது திருப்பிச் செய்யவேண்டும் என்று அவனுக்கு இருந்திருக்கிறது. நர்ஸம்மா பத்திரத்தோடு வந்ததும் போய்ப் பார்த்திருக்கிறான். யாருக்கு என்று சொன்னால் விலை ஏறும் என்பதால் எப்போதும்போல மூச்சு விடவில்லை. தன் சொந்த வீட்டுக்குக்கூட இவ்வளவு பேரம் பேசியதில்லையாம்.

"நேத்து காகிதத்தோட போறேன், எவனோ ஒருத்தன் வந்து நூத்துக்குப் பத்து கூடக் கொடுத்து முடிச்சுட்டான்னு சொல்றாங்க. என்னைவிட மேல போனவன் யாருன்னு அந்தம்மா வாயே திறக்கல."

காகிதத்தில் வாங்குபவர் என்ற இடத்தில் பெயர் அச்சாகியிருந்தது. ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் இருக்கிற பெயர். அதற்குக் கீழே நர்ஸம்மா வீட்டின் விலாசம். மனைவி அதை எட்டிப் படித்தாள். முன்பணம் கொடுத்தது அவளுக்குத் தெரியும், எந்த வீட்டுக்கு என்றும் தெரியும். அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் படியைப் பாத்ததும் உங்க ஞாபகம்தான் வந்துச்சு அண்ணே" என்றான் சகலை. "பீரோ தாராளமா திரும்பும்."

இத்தனை நாள் அவன் வீடுகளைப் பார்த்துப் பட்ட பொறாமை ஒன்றுமே இல்லை என்று பீரோக்காரருக்கு அப்போது தோன்றியது. கெட்டிக்காரனாக இருந்து தொலைக்கட்டும். நல்லவனாகவும் அல்லவா இருக்கிறான்? அதை எந்த விலை கொடுத்து முந்துவது? பேசாமல் இருந்துவிடலாம், பதிவு முடிந்ததும் ஏதாவது சமாளிக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தார். அந்த நிமிடம் முழுக்க மனைவி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தம்பி" என்றார். "அந்த எவனோ நான்தான்."

கொழுந்தியாள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். சகலை காகிதத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மறுபடி காகிதத்தைப் பார்த்தான். அவன் சிரித்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபப்பட்டிருந்தால் இன்னும் நிம்மதி. அவன் இரண்டும் செய்யவில்லை.

"குழாய் திறந்து பாத்தீங்களா அண்ணே?"

"இல்ல."

"மொட்டைமாடி?"

அவர் தலையாட்டினார், இல்லை என்று.

"நான் பாத்தேன்" என்றான் சகலை. "தண்ணி நல்லா வருது. மாடி ஒழுகல. பக்கத்து வீட்லயும் விசாரிச்சேன், வில்லங்கம் எதுவும் இல்ல. பயப்படாதீங்க."

பீரோக்காரர் தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டார். அடுத்த வாரம் எங்கே வேலை என்று சகலை கேட்டான். பெரிய தெருக் கோடியில், அஞ்சல் ஆபீசுக்குப் பின்னால் ஒரு வீடு என்றார் பீரோக்காரர். அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, அங்கே மாடி ஒழுகுகிறது என்பதையும் சொன்னார்.