எவ்வளவு ஊற்றினாலும் சாகாத செடி

அப்பா பிளம்பர். அம்மாவைத் தனியே விட முடியாமல் வேலைக்குப் போவதை நிறுத்தியவர்.

அம்மாவுக்கு மறதி நோய். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றியதை மறந்து மறுபடி சொம்பைத் தூக்குவாள். ஹாலில் இருந்த செடிகள் ஒவ்வொன்றாக வேர் அழுகிச் சாய்ந்தன. தண்ணீர் போதாமல் வாடுகிறது என்று நினைத்து இன்னும் ஊற்றினாள். சொம்பை ஒளித்து வைக்கலாம் என்றேன். அப்பா ஒப்பவில்லை.

"அவ கையிலேர்ந்து அடுப்பை வாங்கியாச்சு, சாவியை வாங்கியாச்சு. இதையும் வாங்கிட்டா அவளுக்கு என்னம்மா மிச்சம்?"

பக்கத்து வீட்டு அக்காவை அம்மாவோடு உட்காரவைத்துவிட்டு நர்சரிக்குப் போனோம். பராமரிப்பே தேவைப்படாத செடிகள் என்று கடைக்காரர் கற்றாழை வகைகளைக் காட்டினார். மாதக்கணக்கில் மறந்தாலும் சாகாதாம்.

"எங்க வீட்டு மறதி வேற மாதிரிங்க," என்றார் அப்பா. "ஊத்தினதை மறந்துட்டு ஊத்துற மறதி. அதுக்குச் சாகாத செடி குடுங்க."

"அப்போ தாமரைதான் சார். ஹாலைக் குளமாக்கிடுங்க."

"அதை அவ எப்பவோ ஆக்கிட்டா."

மண்ணே வேண்டாமல் தண்ணீரில் வாழும் மணி பிளான்ட்டும் சதுப்பில் வளரும் கோரைச் செடியும் வாங்கினோம். அப்பா பிளாஸ்டிக் ஜாடிகளின் கழுத்தருகே துளை போட்டு, மெல்லிய குழாய் செருகி, மறைவில் ஒரு வாளிக்குள் இறக்கினார். மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிஞ்சுவது வெளியேற வழிகுழாய் வைப்பதுபோல. எவ்வளவு ஊற்றினாலும் மட்டம் ஏறாது. அம்மா பார்க்காத நேரத்தில் வாளியைக் கொட்டிவிடுவார்.

செடிகள் தழைத்தன. தன் கைராசி என்றாள் அம்மா. வேறு யாருக்கு வரும் என்பார் அப்பா.

மழைக்காலம் முடியுமுன் அவருக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டார்.

வாளியை இப்போது நான் கொட்டுகிறேன்.

"அப்பா எங்கடி?" என்று அம்மா கேட்டாள். உண்மையைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்து, முகம் கழுவி, செடிகளுக்கு ஊற்றிவிட்டு வந்து மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். அதே அழுகை, துளியும் குறையாமல். அவளுக்கு ஒவ்வொரு முறையும் அவர் அப்போதுதான் சாகிறார்.

அதன்பின் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லப் பழகினேன்.

"சாப்பிட வந்துடுவாரில்ல?"

"வந்துடுவார்மா."

முகம் தெளிந்துவிடுகிறது. அவளெதிரே நான் அழ முடியாது. அழுதால் காரணம் கேட்பாள். அவருக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறாள். அவர் வரட்டும் என்று சாப்பிடாமல் காத்திருக்கிறாள்.