பகவதி விளக்கும் பிரேக் லைட்டும்

கரமனையில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் சுசீலாபாய்க்கு நாற்பத்தாறு வயது. மார்த்தாண்டத்துக்காரர். ஐ.டி.ஐ.யில் முப்பது ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து தொழில் படித்தவர். இன்றும் புதிதாக வருகிறவர்கள் கடைக்குள் எட்டிப் பார்த்து, "ஆள் எங்கே?" என்று கேட்பார்கள். "ஆளாக்கும் பேசுது" என்பார்.

அவருடைய முக்கியக் கருவி ஒரு சின்னப் பல்பு. அதிலிருந்து இரண்டு வயர், ஒன்றின் நுனியில் கவ்வி. வண்டிக்காரர் சொல்வதை ஒரு காதில் வாங்கிக்கொள்வார். பல்பு சொல்வதைத்தான் நம்புவார்.

போன வெள்ளிக்கிழமை வலியசாலை சாம்பசிவன் தன் டூரிஸ்ட் வேனைக் கொண்டுவந்தார். கூடவே, அவர் ஒரு வாரம் முன்பு வேலையிலிருந்து நிறுத்திய டிரைவர் ஜெபசிங்.

கதை இதுதான். பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு எரிய வேண்டும். இந்த வேனில் அது எரியாமல், முன்னால் பகவதி படத்துக்குக் கீழே வைத்த குட்டிப் பல்பு மினுங்கியது. வித்துரா மலையிறக்கத்தில் ஜெபசிங் பிரேக் போட, பின்னால் வந்த கார்க்காரர் தெரியாமல் வந்து முட்டினார். பல்பை மாற்றினார்கள், சுவிட்சை மாற்றினார்கள். பலனில்லை. சாம்பசிவன் ஜோசியரைப் பார்த்தார். டிரைவரின் நட்சத்திரம் வண்டிக்கு ஆகாது, அவன் கால் வைத்தால் பகவதிக்குக் கண் சிவக்கிறது என்றார் ஜோசியர். ஞானஸ்நானச் சீட்டைத் தவிர ஜாதகம் என்று எதுவும் இல்லாத ஜெபசிங்கின் நட்சத்திரம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. ராசியில்லாதவன் என்ற பேச்சு வேன் ஸ்டாண்டு முழுக்கப் பரவிவிட்டது. இனி வேறு எந்த முதலாளியும் சாவி தரமாட்டார். சுசீலாபாய் ஒருதடவை பார்க்கட்டும் என்று ஜெபசிங் கெஞ்சித்தான் வண்டி இங்கே வந்திருந்தது.

சுசீலாபாய் ஜெபசிங்கை ஓரமாக நிற்கச் சொன்னார். சாம்பசிவனை டிரைவர் சீட்டில் ஏற்றி பிரேக்கை மிதிக்கச் சொன்னார். பகவதி விளக்கு மினுங்கியது.

"உங்க மேலயும் கோபமாக்கும், சாமி" என்றார் சுசீலாபாய்.

சாம்பசிவன் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தார். மறுபடியும் மினுங்கியது. ஜெபசிங் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சுசீலாபாய் பின் விளக்கைக் கழற்றினார். கவ்வியை வண்டியின் இரும்பில் மாட்டி, சாம்பசிவனை மிதிக்கச் சொல்லி, பிரேக் வயரைத் தொட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. கரண்டு வருகிறது. பிறகு கவ்வியை பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, கரண்டு திரும்பிப்போகும் எர்த் வயரைத் தொட்டார். பல்பு எரியவில்லை.

"கரண்டு வந்தா மட்டும் போதாது, திரும்பிப் போகவும் வழி வேணும். அந்த வழி அடைஞ்சுபோச்சு. அதனால அது பார்க் லைட்டு வயரைப் பிடிச்சு முன்னால ஓடுது. பகவதி பல்பையும் அந்த வயர்லதானே சேர்த்திருக்கு? அது மினுங்காம என்ன செய்யும்?"

சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். எர்த் வயரை இரும்போடு பிணைக்கும் போல்ட்டில்தான் திருஷ்டிக்கயிறு கட்டியிருந்தது. மிளகாயும் மூன்று எலுமிச்சையும் அழுகித் தொங்கின. சாறு வடிந்து வடிந்து போல்ட்டு துருவேறி, வயர் நுனி பச்சை பூத்திருந்தது. வயரைத் தொட்டதும் கையோடு வந்தது.

"இதை யாரு கட்டுனது?"

"வாராவாரம் நான்தான் கட்டறேன்" என்றார் சாம்பசிவன். குரல் இறங்கியிருந்தது. "ஒண்ணுதான் கட்டிண்டிருந்தேன். ஜோசியர்தான் மூணாக் கட்டச் சொன்னார்."

சுசீலாபாய் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "சுரண்டிப் புது வயர் மாட்ட பத்து நிமிஷம். வண்டிச் சாவி யாருக்குன்னு சொல்லுங்க, மாட்டிடுதேன்."

அக்ரகாரத்து மனிதருக்கு இந்த நிபந்தனை கொஞ்சம் அதிகம்தான். பகவதி படத்தைப் பார்த்தார், போல்ட்டைப் பார்த்தார். கடைசியில் சாவியை ஜெபசிங்கிடம் நீட்டினார். "நாளைக்குப் பொன்முடி டிரிப் இருக்கு. ஆறு மணிக்கு வந்துடு."

"ஸ்டாண்டுலயும் வந்து சொல்லணும், சாரே" என்றான் ஜெபசிங். "போல்ட்டுதான்னு."

சாம்பசிவன் தலையசைத்தார்.

வேலை முடிந்தது. ஜெபசிங் மிதித்தான், பின்னால் இரண்டு பக்கமும் சிவப்பு. முன்னால் பகவதி அமைதியாக இருந்தாள். இந்த வாரம் கட்டுவதற்கென்று சாம்பசிவன் வாங்கிவந்த மூன்று எலுமிச்சையும் சீட்டில் பையோடு கிடந்தன. சுசீலாபாய் கேட்காமலே எடுத்து அறுத்து, உப்புப் போட்டு மூன்று கிளாஸ் நாரங்கா வெள்ளம் கலக்கினார். சாம்பசிவன் தன் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெபசிங் அந்தக் கிளாஸையும் வாங்கிக் குடித்தான்.