அழுகை முகம்

கிடங்கில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். அலமாரிகளுக்கு நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாமான் எடுத்துப் போடும் வேலை. முகத்தில் எந்நேரமும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும், வேலையில் கெட்டி.

மணிக்கட்டில் கட்டும் கருவி வந்தபோது மற்றவர்கள் புலம்பித் தீர்த்தார்கள். எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று அது காட்டும். தப்பாக எடுத்தால் அதிரும்.

"சூப்பர்வைசர் கத்துறதுக்கு இது எவ்வளவோ தேவலை. எச்சில் தெறிக்காது," என்றாள், பொட்டலம் கட்டும் மேசையில் நின்ற நாத்தனாரிடம்.

அவளுக்கு ஆகாதது ஒன்றுதான். கழிப்பறை மறுகோடியில் இருந்தது. போய்த் திரும்புவதற்குள் கருவி அவளைச் 'சும்மா இருப்பவர்' கணக்கில் சேர்த்துவிடும். வேலை முடிந்ததும் அதே கருவி, 'இன்று மகிழ்ச்சியாக இருந்தீர்களா?' என்று வெட்கமில்லாமல் கேட்டு, சில முகங்களைக் காட்டும். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்பதால் எல்லோரும் சிரிப்பு முகத்தை அழுத்தினார்கள். அவள் மட்டும் அழுகை முகத்தை அழுத்தினாள்.

மேனேஜர் தன் குளுகுளு அறைக்குக் கூப்பிட்டார். "உங்களால நம்ம கிடங்கோட மகிழ்ச்சி சராசரி குறையுதும்மா. என்ன குறை?"

கழிப்பறை விஷயத்தைச் சொன்னாள்.

"அது வேற டிபார்ட்மெண்ட். நான் மகிழ்ச்சியப் பத்திக் கேக்கறேன்."

"அடக்கிக்கிட்டே எப்படி சார் மகிழ்ச்சியா இருக்கறது?"

அவர் தலையாட்டினார். கூட்டம் போட்டு, டீ குடித்து, முடிவும் எடுத்தார்கள். அடுத்த வாரம் கருவியில் அழுகை முகத்தையே காணோம். சிரிப்பு, பெரிய சிரிப்பு, இரண்டுதான்.

முகத்தை அழுத்தாவிட்டால் கருவி அடங்காது, அதிர்ந்துகொண்டே இருக்கும். அவள் அதைக் கழற்றிச் சூப்பர்வைசர் மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

"ஏம்மா, பதில் சொல்லிட்டுப் போ."

"என் பதிலைத்தான் எடுத்துட்டீங்களே. இருக்கறதுல எது பிடிக்குதோ நீங்களே அழுத்திக்குங்க."

கட்டியவள் விரலுக்கு மட்டுமே அடங்கும் கருவி அது; அவருடைய விரலுக்கு மசியவில்லை. நாத்தனார் தன் கருவியையும் அதன் பக்கத்தில் வைத்தாள். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள். மேசை தேன்கூடு போல இரைந்தது. பதில் வராததால் ஆட்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்று நம்பிய கம்ப்யூட்டர், போனவர்கள் தலையில் மேலும் மேலும் வேலையைக் கட்டியது. சூப்பர்வைசர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

சில நாள் இதே கூத்து. பிறகு அழுகை முகம் சத்தமில்லாமல் திரும்பி வந்தது. கழிப்பறை விஷயத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

"ஜெயிச்சுட்டோம் அண்ணி," என்றாள் நாத்தனார்.

"என்னத்த ஜெயிச்சோம்? அழறதுக்கு அனுமதி குடுத்திருக்காங்க. பெரிய மனசு."

சொல்லிவிட்டு, வண்டியை நடுவழியில் நிறுத்தி, மணிக்கட்டு அதிர அதிர மறுகோடியைப் பார்த்து நிதானமாக நடந்தாள்.