பாதி அலுவலகம், பாதி மகள்

மாலை ஆறு மணியானால் என் கைபேசியில் பாதி தூங்கிவிடுகிறது. அலுவலக மின்னஞ்சலும் அலுவலக நாட்காட்டியும் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும், தொட்டாலும் எழாது. மீதிப் பாதியில் என் மகள் நிலா விழித்திருப்பாள். கிள்ளானில் உள்ள இந்தச் சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் சேர்ந்தபோது எனக்கென்று அலுவலகக் கைபேசி எதுவும் தரவில்லை. "ஓன் போன் கேன்" என்றார்கள். சொந்தப் போனே போதுமாம். கணினிப் பிரிவில் இருக்கும் அஸ்லான் என்ற மலாய்க்காரர் அதை வாங்கி ஒரு செயலியைப் போட்டுத் தந்தார். அன்றிலிருந்து அலுவலகம் சம்பந்தப்பட்ட ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு குட்டிப் பெட்டிச் சின்னம். போன் தொலைந்தால் உடனே சொல்ல வேண்டும், நிறுவனம் தகவல்களை அழித்துவிடும் என்று எழுதிய தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் மின்னஞ்சலின் கடவுச்சொல் சுவர்க் காலண்டரில் எழுதியிருக்கும். டீ கொண்டுவரும் அண்ணனுக்குக்கூட அது தெரியும். வாடிக்கையாளர்களின் பாஸ்போர்ட் நகல்கள் எங்கள் போன்களில் கோயில் கொடைப் படங்களுக்கும் வளைகாப்புப் படங்களுக்கும் நடுவே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதலாளி கூப்பிட்டு, "சாப்டியாம்மா?" என்று விசாரித்துவிட்டு இன்வாய்ஸ் கேட்பார். வேலை எங்கே முடிகிறது, உறவு எங்கே தொடங்குகிறது என்று அங்கே யாரும் கோடு போட்டதில்லை. எனக்கும் அது உறுத்தியதில்லை.

நிலாவுக்கு நாலு வயது. அவளும் அவள் அப்பாவும் தூத்துக்குடியில்தான் இருக்கிறார்கள். எழுந்ததும் பல்லைக்கூடத் தேய்க்காமல், தான் கண்ட கனவைக் குரல் பதிவாக எனக்கு அனுப்புவாள். ஒருநாள் யானை கப்பலேறும். ஒருநாள் நானே மீனாகிவிடுவேன். அவள் அப்பாவின் போன் பழசு. இடம் போதாமல் பதிவுகளை அவ்வப்போது அழித்துவிடுவார். ஆக, அவள் கனவுகளெல்லாம் என் போனில் மட்டுமே இருந்தன.

அந்தப் போன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கிள்ளானிலிருந்து திரும்பும் கொமுட்டர் ரயிலில் தொலைந்தது. கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அறைக்கு வந்து, கைப்பையைத் துழாவியபோதுதான் தெரிந்தது. என் அறைத்தோழி செல்வி, இங்கேயே அம்பாங்கில் பிறந்து வளர்ந்தவள், மருத்துவமனையில் தாதி. தன் போனிலிருந்து என் எண்ணுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"ஆபிசுக்கு இப்ப சொல்லாத லா. சொன்னா எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க. உன் புள்ளையோட வாய்ஸும் போயிரும். நாளைக்கு வரைக்கும் பாரு" என்றாள்.

எனக்கும் அதுவே ஆசையாக இருந்தது. புதிதாக வந்தவள், வேலை பர்மிட்டும் அவர்கள் கையில். தொலைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் அன்று மத்தியானம் எனக்கு வந்த ஒரு மின்னஞ்சல் நினைவில் வந்து நின்றது. சுபாங் ஜெயாவிலிருந்து திருச்சிக்கே திரும்பிப் போகும் ஒரு குடும்பம், வீட்டுச் சாமான்களை அனுப்புவதற்காகத் தங்கள் பாஸ்போர்ட் நகல்களை அனுப்பியிருந்தது. அதில் ஒரு சின்னப் பெண், ரெட்டைச் சடையும் ரிப்பனுமாக, சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்த முகம். அந்தப் பிள்ளையும் இப்போது யார் கையிலோ இருக்கிறாள். என் பிள்ளையின் குரலுக்காக இன்னொருத்தி பிள்ளையை அங்கே விட்டுவைக்க முடியவில்லை.

செல்வியின் போனை வாங்கி அஸ்லானை அழைத்தேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, "செமுவா சூடா பாடாம், கக். டோன்ட் வொரி" என்றார். கக் என்றால் அக்கா என்று எனக்குத் தெரியும். மற்றது புரியாமல் செல்வியைப் பார்த்தேன்.

"எல்லாத்தையும் அழிச்சாச்சாம்" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டே.

அழுது முடித்துவிட்டு வீட்டுக்குக் கூப்பிட்டேன். என் கணவர் முழுக்கக் கேட்டார். "ஏட்டி, பிள்ள இங்கதான இருக்கா? நாளைக்கும் கனவு காணுவா. நீ ஆபிசுல சொன்னதுதான் சரி. போய்ச் சாப்பிடு" என்றார்.

மறுநாள் காலை செல்வி மீண்டும் முயன்றபோது ஒரு தமிழ்ப் பெண்மணி எடுத்தார். செலாயாங் பாசாரில், அதாவது சந்தையில், காய்கறி விற்பவராம். ரயிலில் பக்கத்து இருக்கையில் இருந்த அவர் பைக்குள் என் போன் விழுந்திருக்கிறது; கீரையை எடுக்கும்போதுதான் பார்த்திருக்கிறார். இருவரும் ஓடினோம்.

"பூட்டிக் கெடக்கு, யாருதுன்னு தெரியல. ஆனா தொட்டா ஒரு குட்டிப் பாப்பா சிரிக்குது. இந்தாம்மா" என்று முந்தானையில் துடைத்துக் கொடுத்தார் அந்த ஆன்டி.

திறந்தேன். பெட்டிச் சின்னம் போட்டவை ஒன்றுகூட இல்லை. நிலா முழுதாக இருந்தாள். ஒன்றைத் தட்டினேன், யானை கப்பலேறியது. ஆன்டியும் காதைக் கொடுத்துக் கேட்டுச் சிரித்தார்.

திங்கட்கிழமை அஸ்லானிடம் கேட்டேன். "ஆபிஸ் பங்கை மட்டும்தான் அழித்தேன், கக். உங்கள் பங்கை எங்களால் பார்க்கக்கூட முடியாது" என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அவர் சொன்ன 'எல்லாம்' அலுவலகத்தின் எல்லாம். உடனே சொன்னதற்கு மேலாளர் நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். என் பழைய முதலாளியாக இருந்தால், இந்நேரம் வண்டியை எடுத்துக்கொண்டு ரயில் நிலையம் ரயில் நிலையமாகத் தேடியிருப்பார். அதை நான் இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் அங்கே இல்லாத அந்தக் கோடுதான் இங்கே என் மகளைக் காப்பாற்றியது. இந்த நாட்டில் என்னுடையது என்று ஒரு பங்கு இருக்கிறது என்பது முதல்முறையாகத் தோன்றியது.

போன் கிடைத்த அன்று பாசாரில் நின்றபடியே நிலாவுக்கு ஒரு பதிவு அனுப்பியிருந்தேன். பின்னால் வியாபாரிகள் "மாரி! மாரி!" என்று கூவுவதும் அதில் விழுந்துவிட்டது. மலாயில் அதற்கு 'வாங்க' என்று பொருள். எங்கள் பக்கத்து வீட்டில் மாரி என்றொரு சிறுமி இருக்கிறாள், நிலாவின் கூட்டாளி. பதிவைக் கேட்ட நிலா ஓடிப்போய் அவளைக் கையோடு இழுத்து வந்திருக்கிறாள். அவர்கள் அனுப்பிய பதிலில் முதலில் கொஞ்சம் தள்ளுமுள்ளு. பிறகு மாரியின் குரல், மூச்சு வாங்க:

"என்னைய எதுக்கு அங்க எல்லாரும் கூப்பிடுறாங்க? இந்தா, வந்துட்டேன்."