இலவசப் பக்கங்களில் அண்ணன்

பதிப்பகத்தம்மா என்றுதான் தெருவில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். கணவர் போன பிறகு, "நீ நடத்து, நான் இருக்கேன்" என்று அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஆரம்பித்தது. அண்ணன் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். சொன்னபடியே இருந்தார்; பதிப்பகம் போட்ட ஒவ்வொரு புத்தகத்திலும் முன்னுரையாக இருந்தார்.

ஒன்றிரண்டு பக்கத்தோடு நிறுத்துகிற ஆள் இல்லை அவர். உலகம் தோன்றிய கதையில் தொடங்கி, இலக்கியம் எதற்கு என்று கேட்டு, தன் கல்லூரி நாட்களை ஒரு சுற்றுச் சுற்றி, நூலாசிரியரின் பெயருக்கு வருவதற்குள் வாசகருக்குக் கொட்டாவி வந்துவிடும். அச்சுப் புத்தகத்தில் அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. கடைக்கு வந்தவர்கள் நடுவில் பிரித்து நாலு வரி படித்துப் பார்த்து வாங்கிப் போனார்கள். தங்கைக்கோ அண்ணனால் ஒரே பெருமை. எல்லாக் கையெழுத்துப் பிரதியையும் முதலில் படிப்பவர் அவர்தான் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லுவார்.

பிறகு கடைகள் ஒவ்வொன்றாக மூடின. தாள் விலை கையைக் கடித்தது. மருமகளின் பிடிவாதத்தால் புத்தகங்கள் மின்னூல்களாகி இணையக் கடைக்குப் போயின. முதலில் போனது ஒரு நர்ஸ் எழுதிய நாவல். அதைப் பிழை திருத்தும்போது பதிப்பகத்தம்மா அடுப்பில் வைத்த பாலையே மறந்துபோனார். அப்படி ஒரு கதை. ஆனால் இணையத்தில் அதை ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. நர்ஸ் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் போன் செய்வாள். "ஒருத்தராவது வாங்கினாங்களா மேடம்?"

ஒருநாள் மருமகள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"அத்தை, வாங்கறதுக்கு முன்னாடி பத்துல ஒரு பங்கு இலவசமாப் படிக்கலாம். நம்ம புத்தகத்துல அது எங்க முடியுதுன்னு பாருங்க."

பதிப்புரை, நன்றியுரை, அப்புறம் அண்ணன், அண்ணன், அண்ணன். 'இனி வாசகரை நாவலுக்குள் அனுப்பிவிட்டு நான் விலகிக்கொள்கிறேன்' என்ற வரியோடு இலவசப் பக்கங்கள் தீர்ந்து, வாங்குவதற்கான பொத்தான் வந்து நின்றது. கீழே யாரோ கேட்டிருந்தார்: 'கதை எப்போது வரும்?'

பதிப்பகத்தம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனின் முகம் நினைவுக்கு வந்ததும் அது நின்றுபோனது.

"முன்னுரையைத் தூக்கிக் கடைசியில போட்டுடலாம் அத்தை. அஞ்சு நிமிஷ வேலை."

"உனக்கு அஞ்சு நிமிஷம். எனக்கு ஆயுசுக்கும்."

கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரை இரண்டாவதாகப் போட்டதற்காகப் பெரியப்பா மகனோடு இன்றுவரை பேசாத மனிதர் அண்ணன். இரண்டாவது இடத்துக்கே அப்படி என்றால், கடைசி இடத்துக்கு என்ன செய்வாரோ! அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இவருக்கு யாரும் இல்லை.

அன்று மாலையும் நர்ஸ் பேசினாள். இந்தமுறை கேள்வி இல்லை. "ரெண்டாவது நாவலை நிறுத்திட்டேன் மேடம். யாருக்காக எழுதறது?"

போனை வைத்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டார். "மாத்திடு. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

எங்கே சொன்னார்? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். விற்றதா என்று பார்க்கக்கூட மனம் வரவில்லை.

வாரக் கடைசியில் அண்ணனே வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். கையில் போன். முகத்தில் சிரிப்பில்லை.

"அண்ணா, அது வந்து... இணையத்துல..."

"அதை விடு. அந்த நர்ஸ் கதவைத் திறந்தாளா இல்லையா?"

"எந்த நர்ஸ்?"

"நாவல்ல வர்றவ. பூட்டின வார்டு முன்னாடி சாவியோட நிக்கறாளே. அதுக்கு மேல போகமாட்டேங்குது, காசு கேக்குது."

பதிப்பகத்தம்மா அண்ணனையே பார்த்தார். 'ஒரே மூச்சில் படித்தேன்' என்று முன்னுரையில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர், கதவு திறந்ததா என்று கேட்கிறார்.

"படிக்கவே இல்லையா அண்ணா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினார்.

"மத்த புத்தகமெல்லாம்?"

குனிந்தவர் நிமிரவில்லை. இந்த மனிதருக்கா இவ்வளவு பயந்தோம் என்று பதிப்பகத்தம்மாவுக்கு ஆத்திரமாக வந்தது. முதல் வாசகர், முதல் வாசகர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததை நினைத்ததும் அது இரட்டிப்பானது.

"உங்க முன்னுரையைக் கடைசியில போட்டிருக்கேன்," என்றார் வெடுக்கென்று. "இனி எல்லாப் புத்தகத்துலயும் அப்படித்தான்."

"போட்டுக்கோ." அண்ணன் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். "கதவு திறந்துச்சான்னு மட்டும் சொல்லு."

"சொல்லமாட்டேன். அந்தப் பொத்தானை அழுத்துங்க. வாங்கிப் படிங்க."

அண்ணன் அழுத்தினார். மருமகள் கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போனது; அவர் தலையைத் தூக்கவில்லை.

பதிப்பகத்தம்மா பின்பக்கம் போய், முதல்முறையாகத் தானே நர்ஸைப் போனில் கூப்பிட்டார்.

"உன் புத்தகத்தை இன்னிக்கு ஒருத்தர் வாங்கினாரும்மா. இங்கதான் உக்காந்து படிச்சிட்டிருக்கார்."

"நிஜமாவா மேடம்? யாரு?"

"முன்னுரை எழுதினவர்."