பொன்முடி ஏறிய பத்து கிலோ அரிசி

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவள் பயணக் கட்டுரை எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதப்போவதும் இமயமலையைப் பற்றி அல்ல. அதற்குத் தயாராகப் பொன்முடி ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அது 2002 நவம்பர். திருவனந்தபுரத்தில் காது கேளாத குழந்தைகள் படிக்கும் பள்ளியில் நான் ஆயா. குழந்தைகளுக்குக் காதுக் கருவி வாங்க நிதி திரட்டுவதற்காகப் பன்னிரண்டு பேர் மே மாதம் இமயமலையில் பதினைந்தாயிரம் அடி ஏறுவதாக ஏற்பாடு. ஒவ்வொருவர் பெயரிலும் நன்கொடை தருவதாகச் சிலர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆள் போகாவிட்டால் அந்த நன்கொடையும் கிடையாது. பள்ளியிலிருந்து கிளம்பியது நான் ஒருத்திதான். வயது நாற்பத்தெட்டு.

எங்கள் தலைவர் மாத்யூ சார் பட்டாளத்தில் ஓய்வு பெற்றவர். அவர் வைத்த சோதனை இது: கல்லாற்றிலிருந்து பொன்முடி உச்சிக்கு, பதினாறு கிலோமீட்டருக்கு மேல், பத்து கிலோ சுமையோடு ஆறு மணி நேரத்தில் ஏற வேண்டும். கீழேயும் மேலேயும் பையை நிறுப்பார். சுமை குறைந்தாலும் நேரம் தவறினாலும் பெயர் வெட்டப்படும்.

காலை 5.30. தம்பானூரில் பஸ் ஏறினோம். கல்லாற்றுக்கு டிக்கெட் பதினெட்டு ரூபாய். மற்றவர்கள் பையில் செங்கல். என் பையில் அரிசி. நான் குடியிருக்கும் கரமனைத் தெருவில் செங்கல் சுமந்து பழகினால் நாலு பேர் விசாரிப்பார்கள், அரிசிப் பையை யாரும் கேட்கமாட்டார்கள் என்று நான் செய்த ஏற்பாடு. சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடையில் வேலை பார்க்கும் நாகர்கோவில்காரர் செல்வராஜ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"யக்கா, அரிசியா சொமக்கிய? மேல போயி எங்களுக்குக் கஞ்சி வச்சித் தருவியளா?"

"சும்மா இரி தம்பி. ஆளுங்க பாக்குறாங்க."

7.30. கல்லாற்றில் எடை பார்த்தபோது என் பை சரியாகப் பத்து கிலோ. நடக்கத் தொடங்கினோம். முதல் நாலு மணி நேரம் நன்றாகவே போனது. 11.30 மணிக்கு ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் மழை பிடித்தது. தேயிலைத் தோட்டம், சாலை எல்லாம் மூடுபனியில் மறைந்தன. பதினான்காவது வளைவில் கால் எழவில்லை. வயதாகிவிட்டது, முழங்கால் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"யக்கா, நில்லுங்க! முதுகுல கழனித்தண்ணி ஒழுகுது!" என்று பின்னாலிருந்து செல்வராஜ் கத்தினார்.

தொட்டுப் பார்த்தேன். கை வெள்ளையாக வந்தது. அரிசி ஊறிக்கொண்டிருந்தது.

"ஊறின பாரத்தத் தட்டி விட்டுருங்க. பத்து கிலோ இருந்தாப் போதும்லா?"

"எவ்வளவு ஊறிச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பிடி கூடுதலாப் போயிட்டா பேரு போச்சு. நீ போ தம்பி, உனக்கு நேரமாகுது."

மீதி எட்டு வளைவுகளையும் எண்ணி எண்ணி ஏறினேன். உச்சிக்குப் போனபோது மணி 1.55. இருபத்தைந்து நிமிடம் தாமதம். மாத்யூ சார் பையை ஸ்பிரிங் தராசில் மாட்டினார். முள் பன்னிரண்டே முக்காலில் நின்றது.

"இத்தனையும் சொமந்தோ? செல்வராஜ் கூடத்தானே இருந்தது? கொஞ்சம் பிடிக்கச் சொல்லக் கூடாதோ?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். நான் தராசிலிருந்து பையைக் கழற்றினேன். "அம்மா, பதினஞ்சாயிரம் அடியில இப்படி வாய் திறக்காம நடந்தா ஆள் செத்துப் போகும். பாரம் தூக்கறது பெரிசில்ல. முடியலன்னா சொல்லணும், வேணும்னா கேக்கணும்."

சட்டைப் பையிலிருந்து பெயர்ப் பட்டியலையும் பேனாவையும் எடுத்தார்.

"வெட்டாதீங்க சார்."

எல்லோரும் திரும்பினார்கள். அவ்வளவு சத்தமாகச் சொன்னது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை. "அடுத்த ஞாயிறு மறுபடி ஏறுறேன். நீங்க வந்து நேரம் பாக்கணும்."

"மழை பெய்தாலோ?"

"பெய்தாலும்."

அவர் வெட்டவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

மாலை 4.00 மணி பஸ்ஸில் மலை இறங்கினோம். கரமனையில் ஒரு சொட்டு மழை இல்லை. தெருவில் புழுதி அப்படியே இருந்தது. அறுபது கிலோமீட்டர் தள்ளி என்னைப் பிழிந்தெடுத்த மழையை இங்கே யாரும் அறியவில்லை. எதிர்வீட்டு அம்மாள், "எங்க போயிட்டு வரேள்?" என்று கேட்டாள்.

"பொன்முடிக்கு. நடந்து," என்றேன்.

மறுநாள் கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஒன்பது மணிக்குப் பள்ளிக்குப் போனேன். மாலையில் மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு நேமம் வரை நடந்து திரும்பினேன்.